யுரேனியக் கழிவு போன வழியே ஒரு கார்ப் பயணம்

வியாழன் – ஃபெர்னால்ட், ஓஹையோ

சின்சினாட்டியிலிருந்து வடமேற்கே 30 கிலோமீட்டர் போனால் ஃபெர்னால்ட் வந்துவிடுகிறது. வண்டி ஓட்டுவது அக்கா மகன். இங்கேயே பிறந்து வளர்ந்தவன். பக்கத்தில் இப்படி ஓர் இடம் இருப்பது அவனுக்கு நான் சொல்லித்தான் தெரியும். "லீவுக்கு வந்த மாமா நயாகரா பார்க்கப் போவார்னு நெனச்சேன்" என்றான். அக்கா புளிச்சாதம் கட்டிக் கொடுத்து, "அங்க போயி கொழாத் தண்ணி கிண்ணி குடிச்சிராதீங்க" என்று வாசல் வரை வந்து சொன்னாள்.

1951இல் அமெரிக்க அணுசக்தி ஆணையம் இங்கே 1,050 ஏக்கர் எடுத்து ஓர் ஆலை கட்டியது. யுரேனியத் தாது உள்ளே போகும், சுத்தமான யுரேனிய உலோகம் வெளியே வரும். அணுகுண்டுக்கான புளூட்டோனியம் தயாரிக்கும் அணு உலைகளுக்கு அதுதான் தீனி. ஆலைக்குப் பெயரும் அதற்கேற்ப 'தீனிப் பொருள் உற்பத்தி மையம்'. தண்ணீர் டேங்கில் சிவப்பும் வெள்ளையுமாகச் சதுரங்கக் கட்டம் அடித்திருந்தார்கள். அந்த நாளில் ஒரு பிரபலமான கால்நடைத் தீவன நிறுவனத்தின் அடையாளமும் அதே கட்டம்தான். வேலிக்குள் மாடு வேறு மேய்ந்துகொண்டிருந்தது. அக்கம்பக்கத்து ஜனங்கள் பலர் இதை மாட்டுத் தீவனமோ நாய்த் தீவனமோ செய்கிற கம்பெனி என்றே வருடக்கணக்கில் நம்பியிருக்கிறார்கள். யாரும் திருத்தவில்லை.

1984இல் குட்டு உடைந்தது. ஆலையின் தூசி பிடிக்கும் கருவி பழுதாகி யுரேனியத் தூள் வெளிக்காற்றில் கலந்த செய்தி முதலில் வந்தது. பின்னாலேயே, பக்கத்துக் கிணறுகளில் யுரேனியம் இருப்பது 1981லேயே தெரியும் என்பதும் வந்தது. கிணற்றுத் தண்ணீரைக் குடித்தவர்களுக்கு மட்டும்தான் தெரியாது. அதில் ஒரு கிணறு லிசா கிராஃபோர்ட் என்ற பெண்ணின் குடும்பம் வாடகைக்கு இருந்த பண்ணை வீட்டினுடையது. அவரும் அக்கம்பக்கத்தாரும் சேர்ந்த அமைப்பு வழக்கு, கூட்டம், வாஷிங்டன் என்று அலைந்தது. 1989இல் ஆலை உற்பத்தியை நிறுத்தியது. அதே வருடம் சுற்றுவட்டார மக்களின் வழக்கு 7.8 கோடி டாலருக்குச் சமரசமானது.

இன்று அங்கே ஆலை இல்லை. ஒரு கட்டடம்கூட இல்லை என்றே சொல்லலாம். பழைய கிடங்கு ஒன்றை மட்டும் மாற்றிப் பார்வையாளர் மையமாக வைத்திருக்கிறார்கள். மீதி நாணல், குளம், இளங்காடு, இடுப்பளவு புல். 'ஆயுதத்திலிருந்து சதுப்புநிலத்துக்கு' என்று பெயர் வைத்த நடைபாதையில் ஒரு வயதான தம்பதி பைனாகுலரோடு பறவை பார்த்துக்கொண்டிருந்தார்கள். இங்கே இருநூறுக்கும் மேற்பட்ட பறவையினங்களைப் பதிவு செய்திருக்கிறார்கள் என்று அந்த அம்மா பெருமையாகச் சொன்னார்.

குளத்துக்குக் கிழக்கே, வேலிக்கு அப்பால், வடக்கு தெற்காக நீண்ட ஒரு மேடு. நம்மூர் ஏரிக்கரை மாதிரி இருக்கிறது, உயரம்தான் அதிகம்: 65 அடி. இடித்த ஆலையும் தோண்டிய மண்ணுமாகச் சுமார் 22 லட்சம் கன மீட்டர் அதற்குள் இருக்கிறது. எட்டு அறைகளாகப் பிரித்துக் கட்டியிருக்கிறார்கள். அடியில் களிமண்ணும் பிளாஸ்டிக் விரிப்பும், மேலேயும் அதே போல, அதற்கும் மேலே கல், மண், புல். வேர் ஆழமாக இறங்கும் மரம் எதுவும் முளைக்க விடுவதில்லை. கசியும் நீரை அடியில் குழாய் வைத்துச் சேகரிக்கிறார்கள். அதன் மேல் ஏற யாருக்கும் அனுமதி இல்லை.

இந்த மேடு வந்த விதத்தை எழுதத்தான் இன்றைய பதிவே. 1990களின் தொடக்கத்தில் மக்கள் ஆலோசனைக் குழு ஒன்றை அமைத்தார்கள். எல்லாவற்றையும் வெளியே கொண்டுபோ என்பதுதான் ஊராரின் முதல் பேச்சு. இயற்கைதானே. அப்புறம் அவர்கள் முன் ஒரு விளையாட்டை வைத்தார்கள். ஆலையின் வரைபடம், அதன் மேல் வண்ண வில்லைகள். ஒவ்வொரு வில்லையும் இத்தனை கழிவு. எங்கே நகர்த்துகிறாயோ நகர்த்து, ஆனால் செலவையும் அது எந்த ஊர் வழியாகப் போகும் என்பதையும் கணக்கில் எடுத்துக்கொள். ஆடி முடித்தபோது அவர்களே ஒரு முடிவுக்கு வந்தார்கள்: அளவில் பெரியதும் வீரியம் குறைந்ததும் இங்கேயே இருக்கட்டும், அளவில் சிறியதும் வீரியம் மிகுந்ததும் வெளியே போகட்டும். இங்கே வைக்கும் மண்ணில் யுரேனியம் பத்து லட்சத்தில் 1,030 பங்குக்கு மேல் இருக்கக் கூடாது என்று ஒரு கோடும் கிழித்தார்கள். நிபுணர்கள் அறைக்குள் உட்கார்ந்து இதே முடிவை எடுத்து அறிவித்திருந்தால் ஊரே தீப்பிடித்திருக்கும் என்பது என் ஊகம்.

வெளியே போனதில் மோசமானது இரண்டு கான்கிரீட் தொட்டிகளில் கிடந்த கசடு. பெல்ஜியன் காங்கோவின் ஷிங்கோலோப்வே சுரங்கத் தாதுவைப் பிழிந்த மிச்சம் அது. அந்தத் தாதுவில் யுரேனியம் மிக அதிகம், அதனால் ரேடியமும் அதிகம், ரேடியம் இருந்தால் ரேடான் என்ற கதிரியக்க வாயுவும் வரும். தொட்டிச் சுவர் விரிசல் விட, முட்டுக்கொடுக்கச் சுற்றிலும் மண் அணைத்து வைத்திருந்தார்கள். நீரைப் பீய்ச்சிக் கசடைக் குழம்பாக்கி உறிஞ்சி, சிமென்டும் சாம்பலும் கலந்து இரும்புப் பெட்டிகளில் ஊற்றி இறுகவிட்டு, லாரியில் டெக்சஸின் ஆண்ட்ரூஸ் என்ற ஊருக்கு அனுப்பினார்கள். குழிகளில் கிடந்த கழிவு ரயில் ரயிலாக உட்டா பாலைவனத்துக்குப் போனது. 2006 அக்டோபரில் வேலை முடிந்ததாக அறிவித்தபோது செலவு 440 கோடி டாலர்.

முடிந்தது என்பது நிலத்துக்கு மேலே மட்டும். கீழே மயாமி நதியின் பெரிய நீர்த்தேக்கப் படுகை இருக்கிறது. அதில் இறங்கிய யுரேனியத்தை இன்னும் கிணறு போட்டு இறைத்துக்கொண்டிருக்கிறார்கள். லிட்டருக்கு 30 மைக்ரோகிராமுக்குக் கீழே வர வேண்டும் என்பது இலக்கு. நாங்கள் நின்ற இடத்தில் புல்லுக்கு நடுவே சத்தமில்லாமல் ஒரு பம்பு ஓடிக்கொண்டிருந்தது. அக்கா சொன்னது சரிதான் போல.

வெள்ளி – ரெட் கேட் உட்ஸ், சிகாகோ

இண்டியானாவைக் குறுக்கே கடந்தது பற்றி எழுத ஒன்றும் இல்லை. சோளம், காற்றாலை, மறுபடி சோளம்.

சிகாகோவின் தென்மேற்கே ஆர்ச்சர் சாலையை ஒட்டி ரெட் கேட் உட்ஸ் என்ற காடு. ஞாயிற்றுக்கிழமை கோழி சுட்டுச் சாப்பிட ஜனங்கள் வருகிற இடம். உள்ளே அரை மணி நடந்தால் ஒரு திறந்தவெளி, நடுவில் கனசதுரமாக ஒரு கருங்கல். அதில் எழுதியிருப்பதன் சாரம்: எச்சரிக்கை, தோண்டாதே, 1943 முதல் 1949 வரை நடந்த அணு ஆய்வின் கதிரியக்கப் பொருள் இங்கே புதைக்கப்பட்டிருக்கிறது, பார்வையாளர்களுக்கு ஆபத்து இல்லை. தோண்டாதே என்ற வரியைச் சுற்றி யாரோ கல்லைக் கொத்தியிருக்கிறார்கள். மனிதர்கள் எங்கும் ஒன்றுதான்.

உலகின் முதல் அணு உலை 1942 டிசம்பர் 2 அன்று சிகாகோ பல்கலைக்கழகத்தில் ஓடியது. நகரத்துக்கு நடுவே வேண்டாம் என்று அதைப் பிரித்துக் கொண்டுவந்து இந்தக் காட்டில் மறுபடி அடுக்கினார்கள். 1954இல் நிறுத்தினார்கள். எரிபொருளை எடுத்துக்கொண்ட பிறகு, இங்கிருந்த இன்னோர் உலையின் கான்கிரீட் கூட்டுக்குப் பக்கத்திலேயே பெரிய குழி வெட்டி, கூட்டை அப்படியே அதற்குள் சாய்த்து மண்ணைத் தள்ளி மூடிவிட்டார்கள். அந்தக் காலத்து முறை அதுதான். 1970களில் சுற்றுலாப் பயணிகள் குடிக்கும் அடிபம்புத் தண்ணீரில் ட்ரிட்டியம் என்ற கதிரியக்க ஹைட்ரஜன் எட்டிப் பார்த்தது. அளவு குறைவுதான், ஆனாலும் புதைத்தது புதைத்த இடத்தில் இருக்காது என்று அப்போதே ஒரு பாடம்.

நேற்று கண்ட இடத்துக்கு 440 கோடி டாலர், இங்கே ஒரு கல். இரண்டுக்கும் நடுவே ஐம்பது வருடம்.

சனி – வெஸ்ட் சிகாகோ

எனக்கு இந்தப் பயணத்தின் காரணமே இந்த ஊர்தான். நான் நாகர்கோவில்காரன். மணவாளக்குறிச்சி மணல் என்றால் சிறுவயதிலிருந்தே தெரியும். கடற்கரையில் கறுப்பும் சிவப்புமாகப் பாய் விரித்த மாதிரி கிடக்கும். கையில் அள்ளினால் சாதா மணலைவிடக் கனக்கும். அதில் மோனசைட் என்ற தாது இருக்கிறது, மோனசைட்டில் தோரியம் என்ற கதிரியக்க உலோகம் இருக்கிறது. 1909இல் ஷோம்பெர்க் என்ற ஜெர்மன் வேதியியலாளர் ஏற்றுமதியான கயிற்றில் ஒட்டியிருந்த மணலைப் பார்த்துத்தான் இதைக் கண்டுபிடித்தார் என்பார்கள்.

அப்போது தோரியம் அணுவுக்காக இல்லை, விளக்குக்காக. பெட்ரோமாக்ஸ் விளக்கின் மேண்டில் இருக்கிறதே, அந்த வலையில் 99 பங்கு தோரியம் ஆக்சைடு, ஒரு பங்கு சீரியம். தோரியம் சூட்டைத் தாங்கும், சீரியம் வெள்ளை வெளிச்சம் தரும். அமெரிக்காவில் இந்த மேண்டில் செய்த பெரிய கம்பெனி சிகாகோவின் லிண்ட்சே லைட். 1932இல் வெஸ்ட் சிகாகோவில் ஆலை போட்டார்கள். மோனசைட் பிரேசிலிலிருந்தும் இந்தியாவிலிருந்தும் வந்தது. இந்தியாவிலிருந்து என்றால் திருவிதாங்கூர் கடற்கரையிலிருந்து. 1946இல் திருவிதாங்கூர் ஏற்றுமதியை நிறுத்தும் வரை எங்கள் பக்கத்து மணல் கப்பலேறி, ரயிலேறி இந்த ஊருக்கு வந்துகொண்டிருந்தது.

மணலை அமிலத்தில் வேக வைத்துத் தேவையானதை எடுத்த பிறகு மிஞ்சுவது நைசான கசடு. தோட்டத்துக்கு மண் வேண்டுமா, பள்ளம் நிரப்ப வேண்டுமா, வந்து அள்ளிக்கொண்டு போங்கள் என்று ஆலையில் கொடுத்தார்கள். ஜனங்களும் அள்ளினார்கள். வீட்டு வாசல், புல்தரை, நடைபாதை, பூங்கா, கழிவுநீர் நிலையம் என்று ஊர் முழுக்கப் பரவியது. மழைநீர்க் கால்வாய் வழியாகக் கிரெஸ் ஓடைக்கும் போனது. 1967இல் கெர் மெகீ கம்பெனி ஆலையை வாங்கி, 1973இல் மூடிவிட்டது.

மூடியவர்கள் முதலில் சொன்ன திட்டம், எல்லாவற்றையும் ஆலை இருந்த இடத்திலேயே, ஊருக்கு நடுவே, ஒரு மேடாகக் கட்டிவிடுவோம் என்பது. ஃபெர்னால்டில் ஒத்துக்கொண்ட அதே யோசனை. இங்கே ஊரார் ஒத்துக்கொள்ளவில்லை. வீடுகளுக்கு அவ்வளவு பக்கம். கூட்டம் கூட்டமாகப் போராடினார்கள், மாநில அரசும் அவர்கள் பக்கம் நின்றது. கடைசியில் கம்பெனி இறங்கி வந்தது. ஒரு பிடி மண் பாக்கி வைக்காமல் ரயிலில் ஏற்றி உட்டாவுக்கு அனுப்புவது என்று முடிவானது.

அனுப்பிய விதம் சுவாரசியம். முதலில் காமா கதிர்வீச்சை அளக்கும் கருவியோடு வீடு வீடாகப் போய் அளந்தார்கள், இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட மனைகளை. அதில் 676 மனைகளைத் தோண்ட வேண்டியிருந்தது. தோண்டும் முன் ஒவ்வொரு வீட்டிலும் என்ன செடி, எந்த இடத்தில், எந்த அகலத்துக்கு நடைபாதை என்று குறித்துக்கொண்டார்கள். கெட்ட மண்ணை எடுத்து, மறுபடி அளந்து, நல்ல மண்ணை நிரப்பி, புல் பதித்து, செடி நட்டுக் கொடுத்தார்கள். ரீட் கெப்லர் பூங்காவில் இன்று குழந்தைகள் பந்து விளையாடுகிறார்கள், பக்கத்தில் நீச்சல் குளம். நாங்கள் போனபோது ஒரு பிறந்தநாள் விழா நடந்துகொண்டிருந்தது. கீழே என்ன கிடந்தது என்று அந்தப் பிள்ளைகளிடம் கேட்டால் முழிப்பார்கள், அதுவும் நல்லதுதான்.

செலவுக் கணக்குக்கு ஒரு வால் உண்டு. கெர் மெகீ தன் பழைய சுமைகளை எல்லாம் ட்ரோனாக்ஸ் என்ற தனிக் கம்பெனியின் தலையில் கட்டிக் கழற்றிவிட்டது. ட்ரோனாக்ஸ் 2009இல் திவாலானது. அரசு வழக்குப் போட்டு, கெர் மெகீயை வாங்கியிருந்த அனடார்கோவிடம் 2014இல் 515 கோடி டாலருக்குச் சமரசம் செய்தது. அந்தப் பணம் நாடு முழுக்கப் பல இடங்களுக்கானது, இந்த ஊருக்கும் அதில் பங்கு. பணம் கொடுக்க வேண்டியவன் காணாமல் போவதுதான் இந்தத் துறையில் கதிரியக்கத்தைவிடப் பெரிய தலைவலி என்று தோன்றுகிறது.

புளிச்சாதத்தைப் பூங்கா பெஞ்சில் பிரித்தோம். அவன் கேட்டான்: "மாமா, அப்போ நம்ம ஊர் மணலையும் தோண்டி உட்டாவுக்கு அனுப்பணுமா?"

"ஏம் மக்களே, உட்டாக்காரன் என்ன பாவம் செஞ்சான்?" என்றேன்.

அவன் கேள்வி விளையாட்டில்லை. எங்கள் கடற்கரையில் கதிர்வீச்சு இயற்கையாகவே அதிகம், மணலோடு மணலாகத் தலைமுறை தலைமுறையாக வாழ்கிறார்கள். இங்கே கிடந்தது ஆலையில் வெந்து பிரிந்த கசடு. யாரோ லாபம் பார்த்துவிட்டு அடுத்தவன் வாசலில் போட்டது. அதனால் தோண்டி எடுக்கச் சொல்ல இவர்களுக்கு ஓர் ஆளும் ஒரு சட்டமும் இருந்தது. கிள்ளியூர்ப் பக்கம் மணல் எடுக்கும் திட்டத்தை எதிர்த்துக் கூட்டம் போடுகிற எங்கள் ஜனங்கள் இந்த ஊரின் கதையைத் தெரிந்துவைத்துக்கொள்வது நல்லது. மணல் போன பிறகு மிச்சம் எங்கே கிடக்கும் என்ற கேள்வியைத் தொடக்கத்திலேயே கேட்க வேண்டும்.

ஞாயிறு – ஒட்டாவா, இல்லினாய்ஸ்

கனடாத் தலைநகர் இல்லை, இல்லினாய்ஸில் இருக்கிற சின்ன ஒட்டாவா. லிங்கனும் டக்ளஸும் 1858இல் முதல் விவாதம் நடத்திய சதுக்கம் இங்கேதான். எல்லாரும் அதைப் பார்க்கத்தான் வருகிறார்கள். நாங்கள் கிளின்டன் தெருவும் ஜெஃபர்சன் தெருவும் சேரும் முனைக்குப் போனோம். அங்கே வெண்கலத்தில் ஓர் இளம்பெண், ஒரு கையில் தூரிகை, மறு கையில் பூ. 2011இல் வைத்த சிலை. பள்ளி மாணவி ஒருத்தியின் முயற்சி, செதுக்கியவர் அவளுடைய அப்பா.

1920களில் இங்கே பழைய உயர்நிலைப் பள்ளிக் கட்டடத்தில் ரேடியம் டயல் என்ற கம்பெனி கடிகார முகப்புக்கு ஒளிரும் மை பூசியது. வேலை செய்தது பெரும்பாலும் இருபது வயதுகூட ஆகாத பெண்கள். தூரிகை முனையை உதட்டில் வைத்துக் கூராக்கி, மையில் தொட்டு, எண்ணை எழுது, மறுபடி உதட்டில் வை. ஒவ்வொரு முறையும் கொஞ்சம் ரேடியம் உள்ளே போகும். உடம்பு அதைக் கால்சியம் என்று நினைத்து எலும்பில் சேர்த்துவைக்கும். தாடை அழுகியது, எலும்பில் புற்று வந்தது. கேத்தரின் வூல்ஃப் டோனஹ்யூ படுத்த படுக்கையில் சாட்சி சொல்லி, 1938இல் மாநிலத் தொழில் ஆணையத்தில் கம்பெனியை ஜெயித்தார். ஜூலையில் இறந்துபோனார். கம்பெனி மேல் மேலாக முறையிட்டது. 1939இல் உச்ச நீதிமன்றம் கேட்க மறுத்துவிட்டது.

ரேடியத்தின் அரை ஆயுள் (பாதியாகக் குறைய ஆகும் காலம்) 1,600 வருடம். அதாவது 1938இல் அவருடைய எலும்பில் இருந்ததில் 96 சதவீதத்துக்கும் மேல் இன்னும் அப்படியே இருக்கும். கணக்குப் போட்டுச் சொன்னதும் அக்கா மகன் போனைப் பையில் வைத்துவிட்டான்.

அந்தப் பள்ளிக் கட்டடத்தை 1968இல் இடித்தார்கள். இடித்த செங்கல்லும் மண்ணும் ஊரின் பள்ளங்களுக்கு நிரப்பு மண்ணாகப் போயின. வெஸ்ட் சிகாகோவில் நடந்த அதே கூத்து. அதற்குள் ரேடியம் டயலின் தலைவர் தொடங்கிய இன்னொரு மை ஆலை இங்கேயே 1978 வரை ஓடியது. 1992இல் ஊரின் பல இடங்களைச் சேர்த்து 'சூப்பர்ஃபண்ட்' பட்டியலில் போட்டார்கள். 1980இல் வந்த சட்டத்தின்படி நாட்டின் மோசமான மாசுத் தலங்களுக்கான பட்டியல் அது. இங்கே கம்பெனியும் இல்லை, பணமும் இல்லை, அரசுதான் தோண்டியது.

மாலையில் செயின்ட் லூயிஸ் நோக்கி வண்டியை விட்டோம். வழியில் மழை.

திங்கள் – செயின்ட் லூயிஸ்

எல்லாம் தொடங்கிய ஊர் இது. 1942 ஏப்ரலில் இயற்பியலாளர் ஆர்தர் காம்ப்டன் இங்கே வந்து, மருந்துப் பொருள் செய்துகொண்டிருந்த எட்வர்ட் மாலின்க்ராட்டிடம், யுரேனியத்தை ஈதர் கொண்டு சுத்திகரித்துத் தர முடியுமா என்று கேட்டார். ஈதர் சட்டென்று தீப்பிடிக்கிற சாமான், வேறு கம்பெனிகள் தயங்கின. இவர் சரி என்றார். ஒப்பந்தம் கையெழுத்தாகும் முன்பே சரக்கு போய்ச் சேர்ந்துவிட்டது. வெள்ளிக்கிழமை எழுதினேனே, சிகாகோவின் முதல் உலை, அதற்கான யுரேனியம் இங்கிருந்து போனது. ஃபெர்னால்டின் தொட்டிகளில் கிடந்த காங்கோக் கசடிலும் பெரும்பங்கு இங்கே பிழிந்ததுதான்.

மீதிக் கசடு 1946 முதல் விமான நிலையத்தின் பக்கத்தில் திறந்தவெளியில் குவிந்தது. பீப்பாய்கள் துருப்பிடித்தன, மழை பெய்தது. பக்கத்திலேயே கோல்ட்வாட்டர் ஓடை. அது வடக்குப் புறநகர்கள் வழியாக வளைந்து மிசௌரி ஆற்றில் சேர்கிறது. போருக்குப் பிறகு அதன் கரையெல்லாம் வீடுகள் வந்தன. பிள்ளைகள் ஓடையில் விளையாடினார்கள், வெள்ளம் வந்தால் வண்டல் வீட்டுக்குள் வந்தது.

1966இல் குவியலை ஒரு தனியார் வாங்கி லேட்டி அவென்யூவுக்கு மாற்றினார். மதிப்புள்ளதை வேறு கம்பெனி கொலராடோவுக்குக் கொண்டுபோனது. மிஞ்சிய 8,700 டன் பேரியம் சல்பேட் கசடை 1973இல் 39,000 டன் மண்ணோடு கலந்து வெஸ்ட் லேக் குப்பைக் கிடங்கில் கொட்டிவிட்டார்கள். அங்கே குப்பைக்கு மேல் போட மண் வேண்டும், இதுவும் மண்தானே. அந்தக் கிடங்கு 1990இல் சூப்பர்ஃபண்ட் பட்டியலுக்கு வந்தது. இன்னும் தோண்டி முடியவில்லை. 2010 முதல் பக்கத்துக் குப்பை மேட்டில் பூமிக்கடியில் புகைச்சல் வேறு. தீ இந்தப் பக்கம் வந்தால் என்ன ஆகும் என்று தாய்மார்கள் சேர்ந்து ஓர் அமைப்பு தொடங்கி இன்றுவரை அரசைக் குடைந்துகொண்டிருக்கிறார்கள்.

நாங்கள் கண்டது கம்பி வேலி, அதில் மஞ்சள் பலகைகள், உள்ளே உயரமான புல். சாலையில் லாரிகள் போய்க்கொண்டே இருந்தன. ஃபெர்னால்டில் கையேடு, வரைபடம், சிரித்த முகத்தோடு வழிகாட்டி. இங்கே வண்டியை நிறுத்தக்கூட இடம் இல்லை.

ஓடைப் பக்கம் ராணுவப் பொறியாளர் படை 1997 முதல் வேலை செய்கிறது. கரையில் துளையிட்டு மாதிரி எடுப்பது, கெட்டுப்போன இடத்தை மட்டும் வெட்டி ரயிலில் அனுப்புவது. 2038 வரை ஆகும் என்கிறார்கள். ஓடையை ஒட்டிய ஜேனா ஆரம்பப் பள்ளியை 2022இல் மூடினார்கள். தனியார் ஆய்வு கதிரியக்கம் இருக்கிறது என்றது, ராணுவப் பொறியாளர்கள் அளந்து இயற்கை அளவுக்கு மேல் இல்லை என்றார்கள். எண்கள் யார் பக்கம் என்பதைவிட, ஐம்பது வருடம் மூடி மறைத்த பிறகு அரசு சொல்லும் எண்ணை எந்தத் தாய் நம்புவாள் என்பதுதான் கேள்வி. சிறுவயதில் இந்த ஓடையில் விளையாடியவர்களுக்குச் சில புற்றுநோய்களின் அபாயம் கூடியிருக்கலாம் என்று 2019இல் அரசின் சுகாதார அமைப்பே எழுதியது. 2025 ஜூலையில்தான் கதிர்வீச்சு இழப்பீட்டுச் சட்டத்தை இவர்களுக்கும் நீட்டித்தார்கள்.

ஒரு காபிக் கடையில் பக்கத்து மேசைப் பெரியவர், எங்கிருந்து வருகிறீர்கள் என்று கேட்டார். சொன்னேன். "எங்கள் தெருவில் எத்தனை பேர் என்று விரல் விட்டு எண்ண ஆரம்பித்து நிறுத்திவிட்டேன்" என்றார். மேலே கேட்க வாய் வரவில்லை.

செவ்வாய் – வெல்டன் ஸ்பிரிங், மிசௌரி

செயின்ட் லூயிஸுக்கு மேற்கே 50 கிலோமீட்டர். 1940களின் தொடக்கத்தில் ராணுவம் வெடிமருந்து ஆலைக்காக ஹாம்பர்க், ஹோவெல், டூனர்வில் என்று மூன்று ஊர்களைக் காலி செய்து தரைமட்டமாக்கியது. போர் முடிந்ததும் அதில் ஒரு துண்டை அணுசக்தி ஆணையம் வாங்கியது. மாலின்க்ராட்டின் புதிய யுரேனிய ஆலை 1957 முதல் 1966 வரை இங்கே ஓடியது. அப்புறம் ராணுவம் களைக்கொல்லி செய்யலாமா என்று பார்த்து, பாதியில் விட்டுவிட்டுப் போனது. கட்டடங்கள் இருபது வருடம் போல அப்படியே துருப்பிடித்துக் கிடந்தன. பக்கத்தில் ஒரு மேல்நிலைப் பள்ளி.

இப்போது அந்த இடத்தில் வெள்ளைச் சுண்ணாம்புக் கல்லால் மூடிய ஒரு மலை. 41 ஏக்கர் பரப்பு, 75 அடி உயரம், உள்ளே சுமார் 11 லட்சம் கன மீட்டர் கழிவு. ஆலை, மண், நான்கு குழிகளின் கசடு, சற்றுத் தள்ளி இருந்த கல்குவாரியில் கொட்டியது எல்லாம். கசடைச் சிமென்டோடும் சாம்பலோடும் பிசைந்து உள்ளே இறக்கினார்கள். 2001இல் மூடினார்கள். எதையும் வெளியூருக்கு அனுப்பவில்லை. ஃபெர்னால்டில் பாதி வழி, வெஸ்ட் சிகாகோவில் முழுவதும் வெளியே, இங்கே முழுவதும் உள்ளே.

ஃபெர்னால்டில் மேட்டின் மேல் கால் வைக்க முடியாது. இங்கே படிக்கட்டே போட்டிருக்கிறார்கள். காலை ஒன்பது மணிக்கு இரண்டு பெண்கள் ஓட்டப் பயிற்சிக்காக ஏறி இறங்கிக்கொண்டிருந்தார்கள். மாமாவுக்கு மூச்சு வாங்கியது, மருமகன் முன்னால் போய் நின்று போட்டோ எடுத்தான். உச்சியில் பெஞ்சுகள், காலியான ஊர்களைப் பற்றியும் உள்ளே இருப்பதைப் பற்றியும் பலகைகள். ஒளிவுமறைவு இல்லாமல் எழுதியிருக்கிறார்கள். பாறைக்கு நடுவே ஒரு பூண்டுகூட இல்லை. கீழே புல்வெளி, அந்தப் பக்கம் பள்ளிக்கூடம், மைதானத்தில் பிள்ளைகள்.

வடிவமைப்பு 1,000 வருடத்துக்கு. யுரேனியம் 238இன் அரை ஆயுள் 450 கோடி வருடம். இந்த இரண்டு எண்களுக்கும் நடுவில் இருப்பதை எந்தப் பொறியாளரும் கட்ட முடியாது. அதனால் ஆள் போட்டிருக்கிறார்கள். 2003இல் எரிசக்தித் துறை, மூடிய தலங்களைப் பார்த்துக்கொள்ள மட்டும் ஓர் அலுவலகம் தொடங்கியது. வருடா வருடம் வந்து பாறை பிளந்திருக்கிறதா, மேடு அமுங்கியிருக்கிறதா, கிணற்று நீர் எப்படி என்று பார்க்கிறார்கள், கசிவுநீரைச் சேகரித்து எடுத்துப் போகிறார்கள். இந்த வேலைக்கு முடிவுத் தேதி கிடையாது. ஒவ்வொரு வருடமும் வாஷிங்டனில் யாரோ இதற்குப் பணம் ஒதுக்கியாக வேண்டும்.

எனக்குப் பிடித்தது எது என்று அவன் கேட்டான். வில்லைகளை வைத்து விளையாடிய ஃபெர்னால்ட் என்றேன். அவனுக்கு இந்தப் படிக்கட்டு. "மேல ஏறிப் பார்த்தவன் மறக்க மாட்டான் மாமா, வேலி போட்டா அடுத்த தலைமுறைக்கு உள்ள என்னன்னே தெரியாது." யோசித்தால் அவன் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. வேலியும் சதுரங்கக் கட்டமும் போட்ட காலத்தில் நடந்ததைத்தானே இத்தனை நாளும் பார்த்தோம்.

போக நினைப்பவர்களுக்கு: ஃபெர்னால்டிலும் வெல்டன் ஸ்பிரிங்கிலும் நுழைவுக் கட்டணம் இல்லை, அருங்காட்சியகம் இரண்டிலும் நன்றாக இருக்கிறது. வெல்டன் ஸ்பிரிங் பாறை வெயிலில் கொதிக்கும், தொப்பியும் தண்ணீரும் வேண்டும். அடுத்த முறை வந்தால் உட்டாவின் மோவாப் போகலாம் என்று பேசிக்கொண்டோம். அங்கே கொலராடோ ஆற்றங்கரையில் கிடந்த ஒன்றரைக் கோடி டன்னுக்கும் மேற்பட்ட யுரேனியக் கசடை 2009இல் ரயிலில் ஏற்றி 50 கிலோமீட்டர் தள்ளிக் கொண்டுபோய் வைக்கத் தொடங்கினார்கள். விமான டிக்கெட்டை அவன் போடுவதாகச் சொல்லியிருக்கிறான், பார்க்கலாம்.